மழைக்குப் பயந்து வாங்கிய டென்ட்

கொடைக்கானல் மலையில் இருக்கும் பூம்பாறையில் அதிகாலை மூன்று மணிக்கு நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. கண் விழித்து அசையாமல் படுத்திருந்தேன். இன்னொரு சொட்டு, கன்னத்தில். பக்கத்தில் படுத்திருந்த மச்சான் எனக்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருந்தான்.

"மாமா, மழை வந்துருச்சு போல. டென்ட் ஒழுகுது."

ஜிப்பை இழுத்துத் தலையை வெளியே நீட்டினேன். மழை இல்லை, மேகம்கூட இல்லை. வானம் முழுக்க நட்சத்திரம். கீழே படிப்படியாக இறங்கும் வயல்களில் பூண்டுத் தாள் ஒன்றுகூட ஆடவில்லை. உள்ளே வந்து டார்ச்சை மேலே பிடித்தேன். துணியின் உட்புறம் முழுக்கக் கடுகு கடுகாக நீர் கோத்திருந்தது. விரலால் ஒரு கோடு இழுத்தேன். அந்தக் கோடு வழியே நீர் திரண்டு ஓடி வந்து போர்வையில் சொட்டியது.

அது எங்கள் மூச்சு. ராத்திரி முழுவதும் இரண்டு பேர் விட்ட மூச்சு, வெளியே போக வழியில்லாமல், குளிர்ந்த துணியில் பட்டு நீராகியிருந்தது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் வெளிப்புறம் வியர்க்குமே, அதே கதைதான். வானம் தெளிவாக இருக்கும் இரவில் டென்ட் துணி சுற்றியுள்ள காற்றைவிடவும் அதிகமாகக் குளிர்ந்துவிடும், ஏனென்றால் அதன் சூடு மேல்நோக்கித் தடையில்லாமல் போய்விடுகிறது. அதனால்தான் மழையே இல்லாத, நட்சத்திரம் கொட்டிக் கிடந்த அந்த இரவில் நாங்கள் நன்றாக நனைந்தோம்.

அந்த டென்ட்டை 1,800 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கியிருந்தேன். வாங்கும்போது மனதில் இருந்தது மழை மட்டும்தான். "வாட்டர் ப்ரூஃப்" என்று எழுதியிருக்கிறதா, அது போதும் என்று நினைத்தேன். ஒரே ஒரு அடுக்குத் துணி, உச்சியில் தொப்பி மாதிரி சின்ன மூடி, ஒரு சின்ன ஜன்னல். குளிருக்கு அந்த ஜன்னலையும் இறுக மூடியிருந்தோம். ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தால் பாதி ஈரம் குறைந்திருக்கும். ஆனால் குளிர்கிற இடத்தில் யாருக்குத்தான் ஜன்னலைத் திறக்க மனம் வரும்? அப்படித் திறக்காமலே காற்று போய்வரும் டென்ட் வேண்டும் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

திண்டுக்கல்லுக்குத் திரும்பி வந்ததும் ஒரு மாதம் டென்ட்களைப் பற்றி மட்டுமே யோசித்தேன். நான் போவது பைக்கில். கூட வருவது பெரும்பாலும் என் மகள், அவளுக்குப் பத்து வயது. சில சமயம் மச்சான். பைக் கேரியரில் கட்டும் அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும், ஆனால் மூச்சு முட்டக்கூடாது. தெரிந்த ஒருவரிடம் இரண்டு அடுக்கு டென்ட் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு மாடியில் அதை விரித்துப் பார்த்தோம்.

உள்ளே ஒரு கூடு. அதன் மேல்பாதி முழுக்கக் கொசுவலை. அதற்கு மேல் ஒரு கையளவு இடைவெளி விட்டு வெளித்துணி. மூச்சின் ஈரம் கொசுவலை வழியாக வெளியேறி, வெளித்துணியின் உட்புறத்தில் போய் ஒட்டும். அங்கிருந்து வழிந்து தரையில் இறங்கிவிடும், நம் மேல் விழாது. வெளித்துணியின் கீழ் விளிம்பும் தரையைத் தொடாமல் நாலு விரல் உயரத்தில் நிற்கும், காற்று அதன் வழியாக உள்ளே வந்து உச்சியில் இருக்கும் திறப்பு வழியாகப் போகும். பழைய ஓட்டு வீட்டின் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் விட்ட இடைவெளியைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதே ஏற்பாடுதான் இதுவும்.

கடைக்குப் போனால் முதலில் காட்டுவது மில்லிமீட்டர் கணக்கு. 1,500, 2,000, 3,000 என்று எழுதியிருக்கும். அந்தத் துணியின் மேல் அத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர்த் தூண் நிறுத்தினாலும் கசியாது என்று பொருள். 2,000 என்றால் இரண்டு மீட்டர் உயரத் தண்ணீர். மேலே விழுந்து வழிந்தோடும் மழைக்கு அதுவே தாராளம். தரைத்துணிக்குத்தான் கூடுதலாக வேண்டும், ஏனென்றால் ஈரத் தரையின் மேல் நாம் முட்டி போட்டு உட்காரும்போது விழும் அழுத்தம் மழையைவிடப் பல மடங்கு. வெளித்துணிக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டுத் தரையைப் பற்றிக் கேட்காமல் வருகிறவர்கள்தான் அதிகம். நானும் முதல் முறை கடைக்குப் போனபோது அப்படித்தான் வந்தேன்.

மில்லிமீட்டரைவிட முக்கியம் தையல். ஊசி போன ஒவ்வொரு துளையும் ஒரு ஓட்டை. நல்ல டென்ட்டில் தையலின் உட்புறம் முழுக்கப் பளபளப்பான டேப் ஒட்டியிருப்பார்கள். கடையிலேயே வெளித்துணியைத் திருப்பி, நாலு மூலைகளிலும் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். டேப்பின் விளிம்பு எழும்பினால் வேறு பீஸ் கேளுங்கள்.

அப்புறம் அளவு. "இரண்டு பேர்" என்று போட்டிருந்தால் இரண்டு உடம்பு மட்டும்தான். தரை 210 செ.மீ. நீளம், 130 செ.மீ. அகலம் என்பது சாதாரணமான அளவு. 60 செ.மீ. அகலப் பாய் இரண்டு விரித்தால் பத்து செ.மீ. மிஞ்சும். பையை எங்கே வைப்பது? நீளத்திலும் ஒரு விஷயம் உண்டு. கவிழ்த்த சட்டி மாதிரி இருக்கும் டென்ட்டில் சுவர் சாய்ந்தபடி ஏறும், அதனால் படுத்திருக்கும்போது தலைப்பக்கமும் கால்பக்கமும் ஒரு சாண் வீணாகும். நான் ஐந்தடி பத்து அங்குலம். பூம்பாறையில் என் பாதம் ராத்திரி முழுக்க ஈரத் துணியில் உரசிக்கொண்டே இருந்தது. அதனால் இப்போது டென்ட் வாங்குவதாகச் சொல்லும் எல்லாரிடமும், கடையில் விரித்து வைத்திருக்கும் டென்ட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் படுத்துப் பாருங்கள் என்கிறேன். மல்லாந்து ஒரு நிமிடம், ஒருக்களித்து ஒரு நிமிடம். எழுந்து உட்கார்ந்தால் தலை இடிக்கிறதா என்றும் பாருங்கள். நான் அப்படிப் படுத்தபோது கடைக்காரத் தம்பி ஒன்றும் சொல்லவில்லை, தலையணைக்கு ஒரு பையைக்கூட எடுத்துக் கொடுத்தார்.

இரண்டு பெரியவர்கள் எப்போதும் சேர்ந்து போவதென்றால் "மூன்று பேர்" டென்ட்டை வாங்குவதுதான் நல்லது. எனக்கு மகள்தான் துணை என்பதால் இரண்டு பேர் டென்ட்டே போதும் என்று முடிவு செய்தேன். ஆனால் வாசலுக்கு முன்னால் திண்ணை மாதிரி ஒரு மூடிய இடம் கட்டாயம் வேண்டும் என்றேன். ஈரச் செருப்பு, பை, தண்ணீர் பாட்டில் எல்லாம் அங்கே இருக்கும். மழையில் உள்ளே நுழையும்போது சேற்றுக் காலோடு படுக்கையில் இறங்க வேண்டியதில்லை.

டென்ட்டைத் தாங்கி நிறுத்தும் கழிகளில் இரண்டு வகை. விலை குறைந்த டென்ட்களில் கண்ணாடி இழைக் கழி வரும். கனம், மடக்கினாலும் நீளம், உடைந்தால் நெடுக்காகப் பிளந்து கையில் சிலாம்பு ஏறும். அலுமினியக் கழி லேசு, உடையாமல் வளையும், வளைந்ததை ஓரளவு நிமிர்த்தலாம், விலைதான் கூட. முதுகில் சுமந்து மலை ஏறுபவர் அலுமினியத்துக்குப் பணம் கொடுக்கலாம். நான் பைக்கில் போகிறவன், முக்கால் கிலோ கூடினால் வண்டிக்கு ஒன்றும் ஆகாது. கண்ணாடி இழையே எடுத்தேன். கழி உடைந்தால் மேலே மாட்டிக்கொள்ள ஒரு சாண் நீள உலோகக் குழாயும், சுற்றிக் கட்டத் துணி டேப்பும் பையில் வைத்திருக்கிறேன். மொத்தம் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, விலை ஐயாயிரத்துச் சொச்சம்.

நிறம் பற்றி மகள்தான் முடிவு செய்தாள். பச்சை.

வாங்கியது ஏப்ரலில். உடனே எங்கும் போகவில்லை, அதுதான் நான் செய்த நல்ல காரியம். எங்கள் மொட்டை மாடியில் வைத்து நாலு முறை கட்டினோம், பிரித்தோம். முதல் முறை இருபத்தைந்து நிமிடம் ஆனது. நாலாவது முறை எட்டு நிமிடம். ஐந்தாவதாக ஒரு இரவு, மாடி விளக்கை அணைத்துவிட்டு, தலையில் டார்ச் கட்டிக்கொண்டு கட்டினோம். மலையில் நாம் போய்ச் சேரும்போது எப்படியும் இருட்டிவிடும்.

கான்கிரீட் தளத்தில் ஆணி இறங்காது. இருபது லிட்டர் தண்ணீர் கேன் நாலை நாலு மூலையிலும் வைத்து அதன் கழுத்தில் கயிற்றைக் கட்டினோம். ஆணி இல்லாமலே தானாக நிற்கும் டென்ட் என்பதால் இது முடிந்தது. கழிகளே டென்ட்டைத் தாங்கி நிறுத்தும் இந்த வகைதான் பாறையிலும் கெட்டித் தரையிலும் கைகொடுக்கும். ஆணியடித்து இழுத்துக் கட்டினால் மட்டுமே நிற்கும் வகையும் உண்டு, லேசாக இருக்கும், ஆனால் புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்லமாட்டேன்.

கழியைத் துணிக்குழாய்க்குள் செலுத்தும்போது தள்ளத்தான் வேண்டும். மறுபக்கம் போய் இழுத்தால் கழித் துண்டுகளை உள்ளே கோத்திருக்கும் எலாஸ்டிக் மட்டும் வரும், கழி நடுவில் கழன்று துணிக்குள் மாட்டிக்கொள்ளும். மகளுக்கு இதை இரண்டு முறை சொன்னேன், மூன்றாம் முறை அவளே எனக்குச் சொன்னாள். "அப்பா, இழுக்காதீங்க, தள்ளுங்க." மடக்கும்போது நடுக் கணுவில் தொடங்கி இரண்டு பக்கமும் மடக்கிக்கொண்டு போனால் எலாஸ்டிக் ஒரே சீராக இழுபடும், நாளாவட்டத்தில் அறுந்து போகாது.

பிறகு தண்ணீர்ச் சோதனை. மாடித் தொட்டியிலிருந்து ஹோஸ் போட்டு இருபது நிமிடம் மேலிருந்து விட்டோம். மகள் உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்து ஒவ்வொரு தையலாகப் பார்த்தாள். பதினைந்தாவது நிமிடம் உள்ளிருந்து குரல் வந்தது. கால்பக்க மூலையில், மூன்று தையல்கள் சேரும் இடத்தில், நீர் முத்து ஒன்று. துடைத்தால் அரை நிமிடத்தில் மறுபடி வந்தது. டேப் அங்கே சரியாக ஒட்டவில்லை. கடையில் நான் நகத்தால் கீறிப் பார்க்காத ஒரே மூலை அது. மறுநாள் எடுத்துப் போனேன், வேறு மாற்றிக் கொடுத்தார்கள். இதே ஓட்டை மலையில் ராத்திரி பதினோரு மணி மழையில் தெரியவந்திருந்தால் என் மகளுக்கு டென்ட் மேலேயே ஆசை போயிருக்கும்.

அதே மாடியில் ஒரு ராத்திரி தூங்கியும் பார்த்தோம். திண்டுக்கல் ஏப்ரல் எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெளித்துணியோடு பத்து நிமிடம்கூடப் படுக்க முடியவில்லை. அதை உருவி எறிந்துவிட்டு உள் கூட்டை மட்டும் நிறுத்தினோம். நாலு பக்கமும் கொசுவலை, மேலே வானம். கரண்ட் போன இரவுகளில் இப்போதும் நாங்கள் அப்படித் தூங்குகிறோம். சமவெளியில் முகாம் போடுகிறவர்கள் உள் கூட்டைத் தனியாக நிறுத்த முடிகிற டென்ட்டா என்று பார்த்து வாங்க வேண்டும். சில டென்ட்களில் கழி வெளித்துணியோடு சேர்ந்திருக்கும், அதைக் கழற்றினால் உள்ளே எதுவும் நிற்காது.

முதல் உண்மையான மழை கொல்லிமலையில். நவம்பர். எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி முடித்தபோது மகள் சோர்ந்திருந்தாள். தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்தில், மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு அப்பால், திறந்த இடமாகப் பார்த்து டென்ட் போட்டோம். தரைத்துணி கிழியாமல் இருக்க அடியில் விரிப்பதற்கு நம் ஊரில் ஃபிளெக்ஸ் பேனரைவிட நல்ல சாமான் கிடையாது. ஒரு கல்யாண பேனரைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். டென்ட்டைவிடப் பெரிதாக இருந்தது, பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று அப்படியே விரித்துவிட்டேன்.

ஒன்பது மணிக்குப் பிடித்த மழை இரண்டு மணி நேரம் விடவில்லை. மேலே ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனால் பதினோரு மணிக்கு மகள் புரண்டு படுத்தபோது தரை அவளுக்குக் கீழே அலை மாதிரி எழுந்து அடங்கியது. கையால் அழுத்தினேன். தண்ணீர் மெத்தை மேல் கை வைத்தது போல் தளும்பியது. வெளித்துணியில் வழிந்த அத்தனை மழையும், ஒரு சாண் துருத்திக்கொண்டிருந்த ஃபிளெக்ஸின் மேல் விழுந்து, நேராக டென்ட்டுக்கு அடியில் போய்த் தேங்கியிருந்தது. தரைத்துணி தாங்கியது, ஆனால் நான் முட்டி போட்ட இடங்களில் மெல்லக் கசியத் தொடங்கிவிட்டது. மழையில் வெளியே இறங்கி, நாலு பக்கமும் ஃபிளெக்ஸின் விளிம்பை உள்பக்கமாக மடித்துச் செருகினேன். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக, டென்ட்டின் தரையைவிட நாலு பக்கமும் நாலு விரல் குறைவாக அதை வெட்டினேன். அடியில் விரிப்பது எதுவானாலும் மேலிருந்து பார்த்தால் கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

அந்தப் பயணத்தில் இன்னொரு தவறும் செய்தேன். ஞாயிறு இரவு வந்து சேர்ந்தோம், திங்கள் வேலை. ஈர டென்ட் பைக்குள்ளேயே மூன்று நாள் கிடந்தது. புதன்கிழமை பிரித்தபோது புளித்த வாடை, வெளித்துணியின் ஒரு மடிப்பில் கரும்புள்ளிகள். சோப்புத் தண்ணீரில் மெல்லிய துணியை நனைத்துத் துடைத்து நிழலில் உலர்த்தினேன். வாடை போனது, புள்ளிகள் போகவில்லை. டென்ட் துணியின் உட்புறம் பூசியிருக்கும் பிளாஸ்டிக் பூச்சுக்கு ஈரமும் சூடும் சேர்ந்தால் எமன். முதலில் பிசுபிசுக்கும், அப்புறம் தோல் தோலாக உரியும். உரிந்தபிறகு அது டென்ட் இல்லை, வெறும் துணி. வாஷிங் மெஷினில் போடுவதும், சுருக்கமாக மடித்து அதே பையில் வருடம் முழுக்க அடைத்து வைப்பதும் இதே பூச்சைத்தான் கொல்லும். இப்போது எங்கள் டென்ட் ஒரு பழைய தலையணை உறைக்குள் தளர்வாகக் கிடக்கிறது, அலமாரியில், சுவரில் ஒட்டாமல்.

கொடைக்கானலைத் தாண்டி இருக்கும் மன்னவனூருக்குப் போனது ஜனவரியில். கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும் என்பதால் அதை எடுத்துக்கொண்டோம். தங்கியது ஒரு பெரியவரின் பட்டா நிலத்தில், அவரிடம் முன்கூட்டியே பேசிக் கேட்டு. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அழகாக இருக்கிறது என்று காட்டு ஓரத்திலோ புல்வெளியிலோ டென்ட் அடித்துவிடக்கூடாது. காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் தங்குவது குற்றம். சட்டம் ஒரு பக்கம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு காய்ந்த புல் நிறைந்த சரிவைப் பார்த்தால் எனக்கு அழகு முதலில் தெரிவதில்லை. காற்று எந்தப் பக்கம், கீழே இறங்க வழி எங்கே என்றுதான் கண் தேடுகிறது.

பெரியவரிடம் ஓடைப் பக்கம் சமமாக இருந்த இடத்தைக் காட்டி, அங்கே போடலாமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார்.

"அங்க வேணாம் தம்பி. ராத்திரி குளிரு பூரா அங்கதான் வந்து எறங்கும். காட்டுமாடும் அந்தத் தடத்துலதான் தண்ணிக்கு வரும். மேல வாங்க."

அவர் சொன்னது அப்படியே உண்மை. குளிர்ந்த காற்று கனமானது, ராத்திரியில் சரிவு வழியாக இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். நீர் ஓரத்தில் ஈரமும் கூடும். இருபதடி மேலே ஏறினாலே வித்தியாசம் தெரியும். மேலே தைல மரங்களுக்குக் கீழேயும் வேண்டாம் என்றார், காற்றில்லாத நேரத்தில்கூடக் கிளை முறிந்து விழுமாம். அறுவடை முடிந்த ஒரு பாத்தியின் ஓரம், வேலிக்கு இந்தப் பக்கம், இடம் காட்டினார்.

மாலையில் காற்று பிடித்தது. மண் பொலபொலவென்று இருந்ததால் டென்ட்டோடு வந்த குச்சி ஆணிகள் கயிற்றை இழுத்ததும் பிடுங்கிக்கொண்டு வந்தன. பெரியவர் பார்த்துக்கொண்டே நின்றவர், குனிந்து ஒரு ஆணியை எடுத்தார்.

"ஆட்டுக்கு மொளை அடிச்சதில்லையா? நேரா அடிச்சா ஆடு புடுங்கிட்டுப் போயிரும். சாச்சு அடிக்கணும்."

ஆணியின் தலை டென்ட்டை விட்டு விலகிச் சாய்ந்திருக்கும்படி, பாதிச் சாய்வில், கல்லால் அடித்து இறக்கினார். கயிற்றின் இழுப்பும் ஆணியும் ஒன்றுக்கொன்று குறுக்காக நின்றன. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. ரொம்பப் பொலபொலப்பான ஒரு மூலையில் மட்டும் வேறு வழி செய்தார். ஒரு முழக் கட்டையின் நடுவில் கயிற்றைக் கட்டி, அதைக் குறுக்காகப் பள்ளத்தில் புதைத்து, மேலே மண்ணைத் தள்ளி மிதித்தார். டென்ட்டே கிழிந்தாலும் அந்தக் கயிறு வந்திருக்காது. ஊருக்கு வந்ததும் குச்சி ஆணிகளை மாற்றிவிட்டு, தடித்த, வி வடிவ அலுமினிய ஆணிகளை வாங்கினேன். பெரும்பாலான டென்ட்களில் முதலில் மாற்ற வேண்டியது ஆணிதான், அதற்கு ஆகிற செலவும் குறைவு.

வாசல் காற்றுக்கு முதுகு காட்டும்படி திருப்பி, வெளித்துணியின் எல்லாக் கயிறுகளையும் இழுத்துக் கட்டினோம். காற்று இல்லாத நேரத்தில் நிறையப் பேர் அந்தப் பக்கவாட்டுக் கயிறுகளை அவிழ்க்காமலே பையில் வைத்துவிடுகிறார்கள். அவை காற்றுக்கு மட்டும் அல்ல. வெளித்துணி தொய்ந்து உள் கூட்டைத் தொட்டால், தொட்ட இடத்தில் ஈரம் உள்ளே வந்துவிடும். இரண்டு அடுக்குக்கு நாம் கொடுத்த பணம் முழுக்க அந்தக் கையளவு இடைவெளிக்குத்தான். நைலான் துணி நனைந்தால் தொய்யும், எனவே தூங்கப் போகும்முன் ஒரு முறை சுற்றி வந்து கயிறுகளை இறுக்கிவிட வேண்டும். பாலியஸ்டர் அவ்வளவு தொய்யாது.

குளிருக்கு அடியில் இரண்டு ஃபோம் பாய். மேலே எத்தனை போர்வை போட்டாலும் குளிர் கீழிருந்துதான் ஏறும். பெரியவரின் மனைவி ஒரு சட்டியில் கங்கு போட்டுக் கொண்டுவந்து, பிள்ளைக்குக் குளிருமே, உள்ளே வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தார். அவ்வளவு அன்போடு கொடுத்ததை வாங்கிக்கொண்டு, வெளியே திறந்த இடத்தில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம், தூங்கப் போகும்முன் மண் போட்டு அணைத்தேன். "உள்ளே வைத்தால் புகையில்லாமலே விஷக்காற்று சேரும் அம்மா, மணமும் இருக்காது, தூக்கத்திலேயே ஆளை எடுத்துவிடும்" என்று அவரிடம் சொன்னேன். கரி, அடுப்பு, கேஸ் ஸ்டவ் எதுவும் டென்ட்டுக்குள் கூடாது. மற்ற எல்லாத் தவறுகளுக்கும் மறுநாள் காலை உண்டு, இதற்குக் கிடையாது.

அதிகாலையில் தானாக விழித்தேன். மணி மூன்றேகால். மகள் தலைவரை மூடிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். கையை மேலே நீட்டி உள் கூட்டைத் தடவினேன், காய்ந்திருந்தது. கொசுவலைக்குள் விரலை வைத்து லேசாகத் தள்ளி வெளித்துணியைத் தொட்டேன். விரல் நுனி நனைந்தது. டார்ச்சைப் பிடித்துப் பார்த்தபோது, பூம்பாறையில் பார்த்த அதே கடுகு முத்துகள் வெளித்துணி முழுக்க. ஒன்று பக்கத்திலிருந்ததோடு சேர்ந்து கனத்து, சரிவில் மெல்ல இறங்கி, கொசுவலையைத் தாண்டி, தரையை நோக்கிப் போனது. அதன் பின்னால் இன்னொன்று. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

காலையில் வெயில் வரும்வரை டென்ட்டைப் பிரிக்கவில்லை. வெளித்துணியை மட்டும் கழற்றி, உட்புறம் வெளியே தெரிய வேலியில் போட்டு, ஒன்பதரை மணிக்கு நன்றாக உலர்ந்த பிறகுதான் மடித்தோம். ஆணிகளை மகள் எண்ணிப் பையில் போட்டாள். பதின்மூன்றில் பன்னிரண்டுதான் இருந்தது. அரை மணி நேரம் தேடினோம், கிடைக்கவில்லை. வெறுங்காலோடு வேலை செய்கிறவர்களின் நிலத்தில் ஆணியை விட்டுவருவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பெரியவரிடம் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, என் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நாலு நாள் கழித்துப் போன் வந்தது. "தம்பி, உங்க ஆணி ஒண்ணு வேலியோரம் கெடந்துச்சு. பொறுக்கி வீட்டுல வச்சிருக்கேன். பாப்பாவையும் கூட்டிட்டு வந்து வாங்கிக்கங்க."

அந்தக் குச்சி ஆணிகளை நான் இப்போது பயன்படுத்துவதில்லை. இருந்தாலும் பங்குனி முடிவதற்குள் ஒரு நடை போய் வாங்கி வர வேண்டும்.